டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா: ரயில் பாஸ் வாங்க வேண்டுமா?

முதல் வெளிநாட்டுப் பயணமாகப் பத்து நாளில் இந்த மூன்று நகரங்களையும் ரயிலிலேயே பார்க்க, பாஸ் தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். 2023 அக்டோபரில் ஜப்பான் முழுவதும் ரயிலில் சுற்ற உதவும் ஏழு நாள் பாஸ் 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது. டோக்கியோ–கியோட்டோ ஷின்கான்சென் (புல்லட் ரயில்) டிக்கெட் சுமார் 14,000 யென்தான். அங்கிருந்து ஒசாகா, சாதாரண ரயிலிலேயே அரை மணி நேரம்.

சாமர்த்தியம் காட்ட வேண்டிய இடம் விமான டிக்கெட். டோக்கியோவில் இறங்குங்கள், ஒசாகாவின் கான்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்புங்கள். வந்த வழியே திரும்பும் செலவு மிச்சம். கியோட்டோவையும் ஒசாகாவையும் ஒரே விடுதியில் தங்கியே பார்த்துவிடலாம். பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதைப் போன்ற தண்டனை வேறில்லை. நீள, அகல, உயரம் கூட்டி 160 செ.மீ.யைத் தாண்டும் பெட்டியென்றால், ஷின்கான்சென்னில் பெட்டி வைக்க இடமுள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். நகருக்குள் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் சுய்கா என்ற, முன்பணம் போட்டுப் பயன்படுத்தும் அட்டை போதும்.