கேம்ப்ஃபயரை முழுசா அணைப்பது எப்படி? உங்க கேள்விகளுக்குப் பதில்

அண்ணா, கொடைக்கானல்ல டென்ட் போட்டுத் தங்கப் போறோம். ராத்திரி நெருப்பை மண் அள்ளிப் போட்டு மூடினா போதும்தானே?

போதாது தம்பி. மண் போட்டா வெளிச்சம் மறையும், சூடு போகாது. அடியில கங்கு மணிக்கணக்கா கனிஞ்சுக்கிட்டே இருக்கும். காத்து மேல்மண்ணைக் கலைச்சா மறுபடி பத்திக்கும். தண்ணிதான் வேணும்.

தூங்கறதுக்கு ரொம்ப முன்னாடியே விறகு போடறதை நிறுத்திடுங்க. காத்து எந்தப் பக்கமிருந்து வருதோ அந்தப் பக்கம் நின்னு, கொஞ்சம் கொஞ்சமா தெளிங்க. மொத்தமா கவிழ்த்தா ஆவியும் சாம்பலும் குப்புனு மூஞ்சியில அடிக்கும். நீளமான குச்சியால அடிவரைக்கும் கிளறுங்க. பாதி எரிஞ்ச கட்டையைப் புரட்டி அடிப்பக்கத்தையும் நனைங்க. 'உஸ்'ஸுங்கிற சத்தம் நிக்கிற வரைக்கும் ஊத்தணும், கிளறணும். கடைசியா புறங்கையைச் சாம்பலுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்க. வெதுவெதுன்னு பட்டாலும் இன்னொரு வாளி ஊத்துங்க.

பக்கத்துல தண்ணி இல்லன்னா?

நெருப்பே மூட்டாதீங்க.

பைன் மரத்தடியில இடம் நல்லா இருக்கு சார், அங்க மூட்டலாமா?

வேண்டாம். அங்க தரையே காஞ்ச ஊசியிலைதான். அது வழியா நெருப்பு வேருக்கு இறங்கிட்டா, மேலே அணைஞ்ச மாதிரி தெரியும். தள்ளி வேற இடத்துல புகையும்.

ஈ.சி.ஆர். பீச்சுல மணலைத் தள்ளி மூடலாமா?

அதுவும் தப்பு. மணலுக்கு அடியில கங்கு இருக்கறது கண்ணுக்குத் தெரியாது. காலையில வெறுங்காலோட ஓடி வர்ற குழந்தை அதுல மிதிக்கும். தண்ணி ஊத்தி, ஆறினதும் கரியை அள்ளிடுங்க.

குளிர் தாங்கல. மிச்சக் கங்கைச் சட்டியில எடுத்து டென்ட்டுக்குள்ள வெச்சுக்கலாமா?

கெஞ்சிக் கேக்கறேன், செய்யாதீங்க. டென்ட்டோ ரூமோ, அடைச்ச இடத்துல கங்கு கார்பன் மோனாக்சைடை விடும். அதுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. தூக்கத்திலேயே உயிர் போயிடும். புகை வரலையே, லேசாத்தானே கனியுதுன்னு நம்பாதீங்க. கூட ஒரு கம்பளி எடுத்துட்டுப் போங்க.

ட்ரெக்கிங்ல காட்டுக்குள்ள சின்னதா மூட்டினா தப்பா?

தப்புதான். 2018 மார்ச்சில தேனி மாவட்டம் குரங்கணியில மலையேறப் போனவங்க காட்டுத்தீயில சிக்கி 23 பேர் இறந்தாங்க. வெயில் காலத்துல புல் காஞ்சு கிடக்கும். சரிவுல தீ மேல்நோக்கி ஓடற வேகத்துக்கு மனுஷனால ஓட முடியாது. சமைச்ச சாப்பாடு கட்டிட்டுப் போங்க.

அணைச்ச சாம்பலை எங்க கொட்டறது?

மறுநாள் காலையில திரும்பக் கிளறி, ஜில்லுன்னு இருந்தா மட்டும் அள்ளுங்க. பிளாஸ்டிக் பை வேண்டாம், தகர வாளி நல்லது.