கட்டைவிரல் நகம்

ஐயா,

'சாலமனின் திறவுகோல்' என்ற பழைய மாந்திரீக நூலின் ஆங்கிலப் பிடிஎஃப் கிடைத்து, இரண்டு மாதமாக அதிலேயே கிடக்கிறேன். இதை உண்மையில் சாலமன் ராஜாதான் எழுதினாரா? எல்லோரும் சொல்லும் 72 பூதங்களின் பட்டியல் இதில் ஏன் இல்லை? வாசித்தாலே தீங்கு வரும் என்கிறார்களே, நிஜமா? ஆவியை நானே அழைத்துப் பார்க்கத் துணிச்சல் இல்லை. அதனால் எட்டு வயது அக்கா மகனைக் கண்ணாடி முன் உட்காரவைத்து, சின்னதாக ஒரு சோதனை மட்டும் செய்யலாம் என்றிருக்கிறேன். உங்கள் கருத்து?

(பெயர் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

தம்பி,

பழைய புத்தகம் ஒன்றோடு இரண்டு மாதம் கிடக்கிற ஆள்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. அதனால்தான் பதில்.

சாலமன் எழுதவில்லை. உங்கள் பிடிஎஃப், 1889-ல் மாதர்ஸ் என்பவர் பிரிட்டிஷ் மியூசியத்துச் சுவடிகள் சிலவற்றைச் சேர்த்து, கெட்ட மந்திரம் என்று தனக்குப் பட்டதைக் கழித்துவிட்டு அச்சிட்டது. நம்மூரில் அகத்தியர் பேரில் எவனெவனோ எழுதி வைத்த கதைதான். பூதப் பட்டியல் வேறு நூல். அதன் முந்தைய வடிவத்தை 1577-ல் அச்சில் கொண்டுவந்தவர் யோஹான் வேயர். சூனியக்காரிகள் என்று சொல்லிக் கிழவிகளை எரிப்பதை எதிர்த்த வைத்தியர். ரெஜினால்ட் ஸ்காட் 1584-ல் அதை இங்கிலீஷில் ஆக்கி, அத்தனையும் புரட்டு என்று காட்டத் தடியாக ஒரு புத்தகம் போட்டார். மந்திரவாதிகள் அந்தப் புத்தகத்தையே கைநூலாக வைத்துக்கொண்டார்கள். பாவம் ஸ்காட்.

வாசித்தால் தீங்கா? கண்ணுக்கு வரும். பிடிஎஃப் எழுத்து அவ்வளவு பொடி. ஆவி உண்டா இல்லையா என்று அடுத்த கடிதத்தில் கேட்காதீர்கள், அந்தப் பட்டிமன்றத்துக்கு நான் வருவதில்லை.

உங்கள் கடைசி வரிகளுக்கு வருகிறேன். துணிச்சல் உங்களுக்கு இல்லையாம், எட்டு வயதுப் பிள்ளைக்கு இருக்கவேண்டுமாம். எழுதும்போது கூசவில்லையா?

ம்யூனிக் அரசு நூலகத்தில் 849 என்ற எண்ணில் ஒரு லத்தீன் சுவடி இருக்கிறது. 15-ம் நூற்றாண்டு மந்திரவாதி ஒருவனின் கைநூல். அந்தக் காலத்தில் இந்தத் தொழில் பார்த்தவர்கள் காட்டுக் கிழவிகள் அல்ல. லத்தீனும் ஜெபமும் தெரிந்த சர்ச் ஆட்கள். இந்த நூலில் திருடனைக் கண்டுபிடிக்கும் முறைகள் பல. பையன் ஒருவனைப் பிடித்து உட்காரவைத்து, கட்டைவிரல் நகத்தைச் சுரண்டி, எண்ணெய் தடவவேண்டும். மந்திரம் சொல்லிக்கொண்டே, நகம் பெரிசாகிறதா, வெளிச்சமாகிறதா என்று கேட்கவேண்டும். இல்லை என்றால் மறுபடி மந்திரம். ஆமாம் என்றதும் நகத்துக்குள் ஒரு ராஜா குதிரையில் வருவார். இறங்கச் சொல், சிம்மாசனம் போடச் சொல், ஆடு சமைத்துச் சாப்பிடச் சொல், கிரீடத்தைக் கழற்றித் தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணச் சொல். அப்புறம் திருடன் யார் என்று கேள்.

1830-களில் கெய்ரோவில் எட்வர்ட் லேன் என்ற ஆங்கிலேயர் பார்த்ததும் கிட்டத்தட்ட இதேதான். அங்கே உள்ளங்கையில் மை. ஒருத்தன் வந்து கூட்டுவான், கொடிகள் வரும், கூடாரம் அடிப்பார்கள், மாடு அறுப்பார்கள், கடைசியில் சுல்தான்.

எங்கள் வீட்டில் வெற்றிலையில் மை. எனக்கு ஒன்பது வயது. ஆச்சியின் கம்மல் காணவில்லை. சின்னப் பிள்ளை கண்ணுக்குத்தான் தெரியும் என்றான் மைக்காரன். "மொதல்ல ஒருத்தன் வந்து கூட்டுவான். தண்ணி தெளிப்பான். நாக்காலி போடுவான். அனுமார் வந்து உக்காருவார். தெரியுதா?" எனக்குத் தெரிந்தது விளக்கெண்ணெய்ப் பிசுக்கு. அதில் விளக்குச் சுடர் ஒரு புள்ளியாக ஆடியது. இல்லை என்றேன். மறுபடி கேட்டான். மூன்றாம் தடவை, எனக்குப் பின்னால் அப்பா தொண்டையைச் செருமினார்.

தெரியுது என்றேன்.

"ஆம்பளையா, பொம்பளையா?"

"பொம்பளை."

"என்ன சேலை?"

"பச்சை."

மையைச் சுற்றி வெற்றிலை பச்சையாகத்தானே இருந்தது, தம்பி! எங்கள் வீட்டுக்கு நெல் குத்த வருகிறவளிடம் இருந்ததே இரண்டு சேலை. அதில் ஒன்று பச்சை. யாரும் அவளை அடிக்கவில்லை, போலீஸுக்கும் போகவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று ஆச்சி கூலியை அளந்து போட்டாள், அவ்வளவுதான். அவள் முந்தானையில் வாங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அந்தப் பச்சைச் சேலையைக் கட்டி நான் அவளைப் பார்த்ததில்லை.

இந்த நூல்களில் பூதம் ஒவ்வொன்றுக்கும் பேர் இருக்கிறது. கோமான், பிரபு என்று பட்டம் இருக்கிறது. எத்தனை படை என்ற கணக்கு இருக்கிறது. நகத்தைப் பார்க்கும் பையனுக்குப் பேர் கிடையாது. பேரோடு பேசுகிற ஒருவரைத்தான் நான் சந்தித்திருக்கிறேன், அதுவும் புத்தகத்தில்: ஜான் ஆஃப் சாலிஸ்பரி, பின்னாளில் சார்த்ர் நகர பிஷப். 1159-ல் எழுதுகிறார்: சிறு வயதில் பைபிள் சங்கீதங்களைச் சொல்லிக்கொடுத்த பாதிரியார், தன்னையும் இன்னொரு பையனையும் உட்காரவைத்து எண்ணெய் தடவிய நகத்தையும் பளபளத்த பாத்திரத்தையும் பார்க்கச் சொன்னாராம். மற்றவன், மங்கலாக ஏதோ உருவம் தெரிகிறது என்றிருக்கிறான். ஜானுக்கு நகமும் பாத்திரமும்தான் தெரிந்தன. இவன் லாயக்கில்லை என்று ஒதுக்கிவிட்டார்கள்.

ஜானுக்குப் பின்னால் அப்பா நிற்கவில்லை. நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இது.

உங்கள் அக்கா மகனுக்கு மாமா என்றால் உயிராக இருக்கும். நீங்கள் கேட்டால், மூன்றாம் தடவை வரைகூடப் போகமாட்டான். அவனை விட்டுவிடுங்கள். தனியாக உட்காரப் பயமென்றால் உங்கள் திறவுகோலையே இன்னொரு முறை புரட்டுங்கள். சீடன் கிடைக்காதவன் விசுவாசமான நாய் ஒன்றையாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும் என்று ஓரிடத்தில் வரும். உங்கள் தெருவில் நாய்க்கா பஞ்சம்?