மூளையில் லேசர் சிகிச்சை: சிக்கல்களைத் தவிர்க்க முன்கூட்டியே கேட்க வேண்டியவை

கேள்வி: என் கணவருக்கு வயது 36. மூன்று மருந்துகளை மாற்றிப் பார்த்தும் வலிப்பு கட்டுப்படவில்லை. நினைவாற்றலுக்கு உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில், வலப்பக்கத்தில் தழும்பு இருப்பதாக எம்ஆர்ஐ காட்டுகிறது. மண்டையோட்டைத் திறக்காமல், சிறு துளை வழியாக லேசர் செலுத்தி அதை அழித்துவிடலாம் என்கிறார் மருத்துவர். சிக்கல்கள் வராமல் தடுக்க முடியுமா? நாங்கள் என்ன கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்?

பதில்: முற்றிலும் தடுக்க முடியும் என்று யாரேனும் உறுதி கூறினால் அதை நம்ப வேண்டாம். ஆனால் பெரும்பாலான சிக்கல்களின் வாய்ப்பை வெகுவாகக் குறைக்க முடியும். அதற்கான வேலையில் பெரும்பகுதி லேசரை இயக்குவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

இச்சிகிச்சையில் சில மில்லிமீட்டர் அகலமுள்ள துளை வழியாக மெல்லிய லேசர் இழை ஒன்று, பெரும்பாலும் பின்தலையிலிருந்து, ஹிப்போகாம்பஸின் நீளவாக்கில் செலுத்தப்படுகிறது. பாதை ஏறக்குறைய 10 செ.மீ. நீளமாக இருக்கும்போது, நுழையும் இடத்தில் கோணம் ஒரு பாகை பிசகினாலும் இழையின் முனை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிடும். ஆகவே, இரத்தக் குழாய்களைத் தெளிவாகக் காட்டும் எம்ஆர்ஐ படங்களைக் கொண்டு, மூளையின் மடிப்புப் பள்ளங்களையும் திரவ அறைகளையும் இயன்றவரை தவிர்க்கும் பாதை வகுக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பள்ளங்களில் இரத்தக் குழாய்கள் ஓடுவதால் கசிவு நேரலாம். திரவ அறையோ இழையைத் திசைதிருப்பவும் வெப்பத்தை ஈர்த்துக்கொள்ளவும் கூடும்.

துளை எவ்வளவு சிறியது என்பதையே எல்லோரும் பேசுகிறார்கள். என் கவலை எப்போதும் வெப்பம் எதுவரை பரவுகிறது என்பதுதான். திசு 60 டிகிரி செல்சியஸை எட்டினால் உடனடியாக அழிகிறது. 43 டிகிரிக்குச் சற்று மேலே இருந்தாலும் நேரம் நீண்டால் பாதிப்பு உண்டு. எனவே இழையின் அருகே சுமார் 90 டிகிரியும், காக்கப்பட வேண்டிய பகுதிகளின் ஓரத்தில் 50 டிகிரிக்குக் கீழான ஒரு வரம்பும் குறிக்கப்படும்; அவற்றில் எது மீறப்பட்டாலும் லேசர் தானாக அணைந்துவிடும். எனினும் சிகிச்சையின்போது எம்ஆர்ஐ திரையில் தெரியும் வெப்பநிலை சில விநாடிகளுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படுகிறது. அணைத்த பிறகும் வெப்பம் சிறிது பரவும். தலை லேசாக அசைந்தாலோ இழையோரம் துளி இரத்தம் கசிந்தாலோ கணக்கு பிழையாகலாம். இத்தகைய அளவீட்டுப் பிழைகளால் திசு கூடுதலாகச் சூடாகக்கூடும் என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-இல் மருத்துவர்களை எச்சரித்தது. திரையை முழுமையாக நம்பாமல், இடைவெளி விட்டுச் சிறுசிறு தவணைகளாகச் சூடேற்றும் அனுபவமுள்ள குழுவைத் தேர்ந்தெடுப்பதே இதற்குத் தற்காப்பு.

உங்கள் கணவருக்குத் தழும்பு இருக்கும் இடத்தைப் பொறுத்தவரை, முதலில் கேட்க வேண்டியது பார்வையைப் பற்றி. பார்வை நரம்புப் பாதை ஹிப்போகாம்பஸுக்கு மிக அருகே செல்கிறது. வெப்பம் அதைத் தொட்டால் இரு கண்களிலும் இடப்பக்க மேல்பகுதிப் பார்வை மறையலாம். சிலர் இதை உணர்வதே இல்லை, ஆனால் வாகனம் ஓட்டுபவர்களுக்கு இது முக்கியம். முன்னும் பின்னும் பார்வைப் புலப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். கண் அசைவு நரம்புகள் பாதிக்கப்பட்டு இரட்டைப் பார்வை வருவதும் உண்டு; அது பெரும்பாலும் தற்காலிகமே. நினைவாற்றல் பரிசோதனையையும் முன்பே முடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னர் ஒப்பிட எதுவும் இருக்காது. அதே வேளையில், சிக்கலுக்கு அஞ்சிப் போதுமான திசுவை அழிக்காமல் விட்டால் வலிப்பு தொடரும். பயன் கிட்டாததும் ஒரு சிக்கல்தான்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளை உட்கொண்டால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். வலிப்புக்கு வால்ப்ரோயேட் எடுத்துக்கொள்பவராக இருந்தால் இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையையும் இரத்த உறைவையும் பார்ப்பது அவசியம், ஏனெனில் அம்மருந்து இரண்டையும் பாதிக்கக்கூடும். உடலில் பேஸ்மேக்கர் முதலிய கருவி இருந்தால், எம்ஆர்ஐக்கு அது உகந்ததா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

பலர் ஓரிரு நாட்களில் வீடு திரும்பிவிடுவார்கள். ஆனால் மூளை வீக்கம் அதற்குப் பிறகும் சில நாட்கள் கூடக்கூடும் என்பதால், வீட்டில் இருக்கும்போதுதான் தலைவலி அதிகரிக்கலாம். வீக்கத்துக்குத் தரப்படும் டெக்ஸாமெத்தசோனைச் சொன்ன அளவில் படிப்படியாகக் குறையுங்கள். அம்மருந்து சர்க்கரையைக் கூட்டும் என்பதால், சர்க்கரை நோய் இருந்தால் இரத்தச் சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். வலிப்பு நின்றுவிட்டது என்று வலிப்பு மருந்துகளை நிறுத்திவிடாதீர்கள். அளவுக்கு மீறிய தூக்கக் கலக்கம், தொடர் வாந்தி, புதிதாகக் கை கால் பலவீனம், காய்ச்சல், துளையிலிருந்து நீர் கசிதல், ஒரு காலில் மட்டும் வீக்கம், ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடிக்கும் வலிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரவில் தொடர்பு கொள்ள வேண்டிய எண்ணை வீடு திரும்பும் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.