கிராம சபையில் தீர்மானம் போட்டும் வேலை வராதது ஏன்? மலைக் கிராமங்களில் என்ன செய்யலாம்?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் ஊரில் மூன்று வருடமாகக் கிராம சபையில் குடிதண்ணீருக்கும் நடைபாதைக்கும் மனு கொடுக்கிறோம். "தீர்மானம் போட்டாச்சு" என்கிறார்கள், வேலை வருவதில்லை. கூட்டத்துக்கும் ஆள் சேர்வதில்லை. என்ன வழி?

பதில்:

உங்கள் மனுவைப் பார்க்காமலே ஒன்று சொல்லலாம்: அதில் புல எண் (நிலத்தின் சர்வே நம்பர்) இருந்திருக்காது. "எங்கள் ஊருக்கு நடைபாதை அமைத்துத் தர வேண்டும்" என்ற ஒற்றை வரிதான் தீர்மானமாக ஏறியிருக்கும். சமவெளியில் அந்த வரி எப்படியோ ஓடிவிடும், தெரு பெரும்பாலும் ஊராட்சியுடையது. மலையில் முந்நூறு மீட்டர் ஒற்றையடிப் பாதைக்குள் நிலம் மூன்று கை மாறும். மேலே வருவாய்ப் புறம்போக்கு, நடுவில் யாரோ ஒருவரின் தேயிலைப் பட்டா, கீழே ஓடையை ஒட்டி வனம். ஒன்றியப் பொறியாளர் மதிப்பீடு போட வந்து, நிலம் யாருடையது என்று தெரியாமல் திரும்பிப் போவார். கோப்பு அங்கேயே படுத்துவிடும்.

அதனால் கூட்டத்துக்கு முன்னாடியே முடிக்க வேண்டிய வேலை நிலத்தைக் கண்டுபிடிப்பதுதான். அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணையதளத்தில் பட்டா, அ-பதிவேடு, புல வரைபடம் மூன்றையும் பாருங்கள். அ-பதிவேட்டில் வகைப்பாடு எழுதியிருக்கும். புரியாவிட்டால் கிராம நிர்வாக அலுவலரிடம் வரைபடத்தைக் காட்டி, பாதை எந்தெந்தப் புல எண் வழியாகப் போகிறது என்று பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். அந்தக் கோடு போட்ட தாளை மனுவோடு இணையுங்கள்.

நிலம் யாருடையது என்று தெரிந்ததும் தீர்மானத்தின் போக்கே மாறும்.

புறம்போக்கு அல்லது ஊராட்சி நிலம் என்றால் கவலையில்லை, ஊராட்சியே செய்யலாம். நெடுஞ்சாலைத் துறைச் சாலையோரம் என்றால் ஊராட்சி கை வைக்க முடியாது. அந்தத் துறைக்குப் பரிந்துரைக்கும் தீர்மானமாக எழுத வேண்டும். பட்டா நிலம் என்றால் "அவர் ஒத்துக்கிட்டார்" என்ற வாய்வார்த்தை எடுபடாது, பாதை அகலத்துக்கு ஊராட்சி பெயரில் தானப்பத்திரம் வேண்டும். எஸ்டேட்டே குத்தகை நிலத்தில் இருந்தால் அவர்களால் தானம் எழுதித் தரவும் முடியாது. தோட்டத் தொழிலாளர் லயன் (வரிசை) வீடுகளுக்குத் தண்ணீர் தருவது தோட்ட நிர்வாகத்தின் சட்டக் கடமை. அதை ஊராட்சி தலையில் கட்டினால் இரண்டு பக்கமும் கை விரிக்கும். டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பு என்றால் அடியில் இருப்பது வனத்துறை நிலம் என்பது நினைவில் இருக்கட்டும். கூடலூர், பந்தலூர் பக்கம் ஜென்மம் (பழைய ஜமீன் போன்ற உரிமை) நிலத்தின் 'செக்‌ஷன் 17' சிக்கல் தனிக்கதை. 1969ஆம் வருட ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் அந்தப் பிரிவில் வரும், உரிமை முடிவாகாத குத்தகை நிலத்துக்கு ஒரு தெருவிளக்குக் கம்பம் கேட்டால்கூட ஆட்சேபம் வரும்.

வன நிலம் என்றதும் பலர் மனுவை மடித்து வைத்துவிடுகிறார்கள். அது அவசரம். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு 13 வகைப் பொது வசதிகளுக்கு வன நிலத்தைத் தர வழி வைத்திருக்கிறது: பள்ளி, அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர்க் குழாய், மின்கம்பி, சாலை என்று பட்டியல் போகிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஹெக்டேருக்குள் இருக்க வேண்டும், ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, கிராம சபை பரிந்துரைத்திருக்க வேண்டும். வழக்கமான கோரிக்கைத் தீர்மானம் எழுதினால் இது நகராது. சட்டத்தையும் பிரிவையும் பெயர் சொல்லி, பரப்பளவையும் மர எண்ணிக்கையையும் போட்டு எழுத வேண்டும். அந்தச் சட்டப்படி உரிமை கோரிக்கைகளை எடுக்கும் கிராம சபையும் வேறு: குறைந்தது பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். குடியரசு தினக் கூட்டத்தில் கடைசி ஐந்து நிமிடத்தில் இதை நுழைத்தால் பின்னால் செல்லாது என்று தள்ளிவிடுவார்கள்.

இனி தண்ணீர். மலையில் புதிதாக ஆழ்துளைக் கிணறு கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். நீலகிரியில் அதற்கு மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், எளிதில் கிடைக்காது. பொக்லைன் இறக்குவதற்கும் அப்படித்தான். ஊற்று இருந்தால் அதைக் கேளுங்கள், ஆனால் அளந்துவிட்டுக் கேளுங்கள். ஆடி மாதம் எந்த ஓடையைப் பார்த்தாலும் ஊருக்கே போதும் போலத் தெரியும். அளக்க வேண்டியது மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை, கோடை மழைக்கு முன்.

முறை எளிது. ஊற்று வாயில் மண்ணைக் குழைத்து அணை கட்டி, ஒரு துண்டுக் குழாய் வழியாக எல்லாத் தண்ணீரையும் திருப்பி, 15 லிட்டர் வாளி நிறைய எத்தனை விநாடி என்று செல்போனில் பாருங்கள். மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுங்கள். 90 விநாடி என்றால் நிமிடத்துக்கு 10 லிட்டர், நாளுக்கு 14,400 லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது ஜல் ஜீவன் கணக்கு. 42 குடும்பம், வீட்டுக்கு நாலு பேர் என்றால் 168 பேர், தேவை 9,240 லிட்டர். ஊற்று தாங்கும், 10,000 லிட்டர் தொட்டி ஒன்று இருந்தால் இரவில் வருவதைப் பிடித்து வைத்துக் காலையில் விடலாம். அதே வாளி நிறைய மூன்று நிமிடம் ஆனால் நாளுக்கு 7,200 லிட்டர்தான். அப்போது இரண்டாவது ஊற்றைத் தேட வேண்டும், தொட்டியைப் பெரிதாக்கிப் பயனில்லை. இந்தக் கணக்கு மனுவில் இருந்தால் பொறியாளர் உங்களைப் பார்க்கும் பார்வையே வேறு.

குழாய் போட ஒப்புக்கொண்டால் மதிப்பீட்டில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று கேளுங்கள். குழாயை இரண்டடியாவது புதைக்க வேண்டும். மேலே கிடந்தால் யானை மிதிக்கும், காட்டுப்பன்றி கிளறும். மேடு ஏறி இறங்கும் இடத்தில் காற்று அடைத்துக்கொள்ளும், அங்கே ஏர் வால்வு வேண்டும். பள்ளத்தில் மண் தங்கும், அங்கே கழுவிவிடும் வால்வு வேண்டும். தொட்டி மூடிக்குப் பூட்டும் கேளுங்கள், குரங்குக்காக.

நடைபாதைக்குத் தடுப்புச் சுவர் வந்தால் சுவரின் உயரத்தைவிட அதிலுள்ள நீர்க்கசிவுத் துளைகள் முக்கியம். சுவருக்குப் பின்னால் ஜல்லி நிரப்பி, ஒன்றரை இரண்டு மீட்டருக்கு ஒரு துளை விட்டு, அதில் குழாய் வைக்காவிட்டால் வடகிழக்குப் பருவமழையில் மண் ஊறி சுவரைத் தள்ளிவிடும். கட்டி ஒரே வருடத்தில் வயிறு தள்ளி நிற்கும் சுவர்களை மலையில் நீங்களே பார்த்திருப்பீர்கள், பெரும்பாலும் காரணம் இதுதான்.

இப்போது தீர்மானத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். இந்த மாதிரி:

"… ஊராட்சி, … குக்கிராமத்தில் வசிக்கும் 42 குடும்பங்களுக்குக் குடிநீர் வழங்க, புல எண் …இல் (வருவாய்ப் புறம்போக்கு) உள்ள ஊற்றில் சிறு தடுப்புச் சுவர், 10,000 லிட்டர் தொட்டி, அங்கிருந்து ஊர் வரை சுமார் 650 மீட்டர் புதைகுழாய் ஆகியவற்றை ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் சேர்த்து நிறைவேற்ற இச்சபை தீர்மானிக்கிறது. ஏப்ரல் மாத நீர்வரத்து அளவு இணைக்கப்பட்டுள்ளது. மதிப்பீடு தயாரித்து அடுத்த கிராம சபையில் வைக்க ஒன்றியப் பொறியாளரைக் கோருகிறது."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். யார், எப்போது என்பது இல்லாத தீர்மானத்தைப் பற்றி அடுத்த கூட்டத்தில் யாரையும் கேட்க முடியாது. தண்ணீரும் பாதையும் இரண்டு தனித் தீர்மானம், சேர்த்து எழுதினால் ஒன்று சிக்கும்போது மற்றதும் நிற்கும். பணம் வரும் தலைப்பும் வேறு: 15ஆவது நிதிக்குழு மானியத்தில், 2021-22 முதல் 2025-26 வரையான காலத்துக்கு, 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்றே கட்டி வைத்தது, பாதையும் விளக்கும் மீதி 40இல் இடம் பிடிக்க வேண்டியிருந்தது.

ஆள் சேராத விஷயத்துக்கு வருகிறேன். கிராம சபை வருடத்தில் ஆறு: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மார்ச் 22ம் நவம்பர் 1ம் 2022இல் சேர்ந்தவை. மற்ற நான்கும் தோட்டத் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு கூடிய சட்டப்படியான விடுமுறை. இந்த இரண்டும் அப்படி இல்லை. அன்றைக்குக் கூட்டம் என்றால் எஸ்டேட் ஆட்கள் கூலியை விட்டுத்தான் வர வேண்டும். உங்கள் முக்கியமான தீர்மானத்தை அந்த இரண்டு நாளில் வைக்காதீர்கள். ஆகஸ்ட் 15 கூடலூர் பக்கம் மழை, கோத்தகிரிக்கு அவ்வளவு தொல்லை இல்லை. என் கணிப்பில் உங்களுக்கு மே 1தான் நல்ல நாள்: ஏப்ரலில் அளந்த தண்ணீர்க் கணக்கு கையில் சூடாக இருக்கும். ஆனால் இலை கொழுந்துவிடும் நேரம், சிறு விவசாயிகள் காலையில் பச்சைத் தேயிலை பறித்து எடை போட்டுவிட்டுத்தான் வருவார்கள். தேதி தள்ளிப்போவதும் உண்டு. 2025இல் அக்டோபர் 2 கூட்டம் 11ஆம் தேதிக்குப் போனது.

குறைவெண், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தது எத்தனை பேர் வர வேண்டும் என்ற கணக்கு இது: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. பத்துப் பதினைந்து குக்கிராமம் சிதறிக் கிடக்கும் ஊராட்சியில் 200 பேர் என்பது சும்மா இல்லை. கூட்டத்தைச் சுழற்சி முறையில் ஒவ்வொரு குக்கிராமத்திலும் நடத்த வேண்டும் என்பது அரசின் அறிவுறுத்தல். வழிபாட்டுத் தல வளாகத்தில் நடத்தக் கூடாது என்பதும் உண்டு. உங்கள் குக்கிராமத்தின் முறை மூன்று வருடமாக வரவே இல்லை என்றால் அதை எழுத்தில் கேளுங்கள்.

செய்தி சொல்லும் விதத்தில்தான் பாதி கூட்டம் இருக்கிறது. ஊராட்சி அலுவலகப் பலகையில் ஒட்டிய அறிவிப்பை அந்தப் பக்கம் போகிறவர்தான் பார்ப்பார். ரேஷன் கடை, இலை எடை போடும் செட், மினிபஸ் நிற்கும் இடம், பால் ஊற்றும் இடம் நான்கிலும் ஒட்டுங்கள். ஹட்டி (படுகர் ஊர்) என்றால் ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட வேண்டும். அங்கே சொல்லாமல் வாட்ஸ்அப்பில் மட்டும் போட்டால் பெரியவர்கள் வரமாட்டார்கள். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதாமல் முப்பது விநாடிக் குரல் பதிவு போடுங்கள், தமிழில் ஒன்று, படுகில் ஒன்று. "கிராம சபைக்கு வாருங்கள்" என்றால் யாரும் அசைய மாட்டார்கள். "வெள்ளிக்கிழமை 11 மணி, நம்ம ஊற்றுத் தண்ணீர் தீர்மானம், கையெழுத்து குறைந்தால் கிடையாது" என்றால் வருவார்கள்.

கூட்டத்தில் நடப்பது இப்படி. மேலிருந்து வந்த பொதுப் பொருள்கள் முதலில் வாசிக்கப்படும்: வரவு செலவு, டெங்கு, பிளாஸ்டிக், திட்டங்கள். ஒரு மணி நேரம் ஓடிவிடும். உள்ளூர் விஷயம் 'இதர பொருள்கள்' என்று கடைசியில் வரும்போது பாதிப் பேர் மதிய பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்பார்கள். பத்து நாள் முன்பே ஊராட்சிச் செயலரிடம் மனு கொடுத்து ஒப்புகை வாங்கி, தனிப் பொருளாகச் சேர்க்கச் சொல்லுங்கள். நீலகிரி உள்ளிட்ட மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, அதன்பின் பொறுப்பு தனி அலுவலரிடம் போனது. யார் இருந்தாலும் மனு பதவிப் பெயருக்குப் போகட்டும், ஆள் பெயருக்கு வேண்டாம்.

வருகைக் கையெழுத்து வேறு, தீர்மானம் வேறு. தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டு, சத்தமாக வாசிக்கப்பட்ட பிறகே எழுந்திருங்கள். வாசிக்கும்போது புல எண்ணும் குடும்ப எண்ணிக்கையும் காதில் விழுகிறதா என்று கவனியுங்கள். 'குடிநீர் வசதி செய்து தர' என்று சுருக்கியிருந்தால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். பற்றாளராக வந்திருக்கும் அலுவலர் அதற்குத்தான் இருக்கிறார். பக்கத்தைப் போனில் படம் எடுத்து, தீர்மான எண்ணோடு அன்று மாலையே ஊர்க் குழுவில் போடுங்கள்.

ஒரு மாதம் கழித்தும் அசைவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒட்டி மூன்றே கேள்வி: தீர்மானத்தின் சான்றிட்ட நகல், அது ஒன்றிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்ட தேதி, மதிப்பீட்டின் நகல். பதில் தர 30 நாள். 'ஏன் செய்யவில்லை' என்று கேட்காதீர்கள், காரணம் கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்புவார்கள். நகல் கையில் வந்ததும் ஊட்டியில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் அவர்தான். கூடவே ஊராட்சித் திட்டங்களைப் பதியும் மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் உங்கள் ஊராட்சியின் வருடத் திட்டத்தைத் திறந்து, வேலையின் பெயரையும் குக்கிராமத்தின் பெயரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பெயரில் மேல், கீழ் என்று இரண்டு ஊர் இருக்கும் இடங்களில் வேலை பக்கத்து ஊர் பெயரில் ஏறியிருப்பதும் உண்டு. அது திட்டத்தில் இருக்கும்போதே திருத்தினால் ஒரு கடிதத்தோடு முடியும், பணம் ஒதுக்கிய பிறகு என்றால் இன்னொரு வருடம்.