ஏற்காடு தோட்டத்துக்கும் போகணும், சொகுசாகவும் இருக்கணும்: எந்த எஸ்யூவி வாங்கலாம், எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி கேட்டவர் ஏற்காட்டில் ஏழு ஏக்கர் காபித் தோட்டம் வாங்கியிருக்கிறார். நடுத்தர அளவில் ஒரு சொகுசு எஸ்யூவிக்கு எழுபது லட்சம் வரை போகத் தயார், மண் பாதையிலும் போகவேண்டும், நாற்பது வீடியோ பார்த்தும் குழப்பம் தீரவில்லை என்கிறார். குடியிருப்பு சேலத்தில், மேலே போவது வாரக் கடைசியில், கூட வயதான அம்மாவோ மாமியாரோ வருவார் என்று நானாக வைத்துக்கொள்கிறேன். நான் பார்த்தவரை தோட்டம் வாங்குகிறவர்கள் ஏறக்குறைய எல்லாரும் இப்படித்தான்.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கேட்கவேண்டாம். இந்த ரக வண்டி எதுவும் எனக்குச் சொந்தமில்லை. என் பேரில் இருப்பது ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல். பத்தொன்பது வருடமாகச் சேலத்தில் ஆக்டிங் டிரைவர். "ஓட்டக் கூப்பிட்ட ஆளுக்கு வண்டி வாங்குறதப் பத்தி என்ன தெரியும்" என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு ஒன்று: நீங்கள் உங்கள் ஒரு வண்டியைத்தான் ஓட்டியிருப்பீர்கள். நான் ஒரே மாதத்தில் நாலு கம்பெனி வண்டியை அதே இருபது கொண்டை ஊசி வளைவில் ஏற்றி இறக்கியிருக்கிறேன்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், ஐப்பசி மழை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி வியாபாரம் செய்யும் முதலாளி ஒருவர் புதிதாக ஒரு எஸ்யூவி எடுத்திருந்தார். எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன், அவர் எனக்கு இன்றைக்கும் வேலை கொடுக்கிறவர். நாகலூர் தாண்டி அவருக்குத் தோட்டம். தார் ரோட்டிலிருந்து கேட், கேட்டிலிருந்து பங்களாவுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் மண் பாதை. சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, மழைத்தண்ணீர் ஓடக் குறுக்கே வாய்க்கால் வெட்டியிருக்கும். முதலாளி முன்சீட்டில், பின்னால் அவருடைய அம்மாவும் வீட்டம்மாவும். கேட்டைத் தாண்டியதும் அவர் ஒரு பொத்தானைத் திருகினார். திரையில் மலைப் படம் வந்தது. வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று டிகிரிக் கணக்கில் காட்டியது. அவர் அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது இடது வளைவில் உள்பக்கமாக ஒரு பாறை முனை மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டு நிற்கும். முன்சக்கரத்தை அதற்குத் தப்பவிட்டேன். ஆனால் நீளமான வண்டி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்ளே வெட்டி வரும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பாதை அகலம் அவ்வளவுதான், மறுபக்கம் சரிவு. பின் இடது டயர் பாறையில் உரசியது. வெடிச்சத்தம் இல்லை, பாம்பு சீறுகிற மாதிரி ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கவாட்டில் என் சுண்டுவிரல் நீளத்துக்குக் கிழிசல், உள்ளே நூல் நூலாகத் தெரிகிறது.

டிக்கித் தளத்தைத் தூக்கினேன். ஸ்டெப்னி இல்லை. ஒரு சின்ன காற்றடிக்கும் மோட்டார், ஒரு பாட்டில் திரவம், அவ்வளவுதான். அந்தத் திரவம் ஆணி ஏறிய ஓட்டையை அடைக்கும், அதுவும் டயர் தரையில் படுகிற பகுதியில் இருந்தால். பக்கச் சுவர் கிழிந்தால் ஒன்றும் செய்யாது. தெரிந்துதான் சொன்னேன், முதலாளி "முயற்சி பண்ணிப் பாருப்பா" என்றார். அடித்தேன். பொங்கின பால் அடுப்பில் வழிகிற மாதிரி கிழிசல் வழியாக வெள்ளை நுரை வழிந்து செம்மண்ணில் இறங்கியது. அம்மா கண்ணாடியை இறக்கி, "இம்புட்டு காசு குடுத்தும் ஒரு சக்கரம் சேர்த்துத் தரலையா?" என்று கேட்டார். அன்றைக்கு அந்தப் பாதையில் பேசப்பட்ட ஒரே உருப்படியான பேச்சு அதுதான்.

இருட்டிவிட்டது. தோட்டக் காவல்காரர் வந்து, "தம்பி, லைட்ட அணைச்சிடுங்க, இந்நேரத்துக்குக் காட்டெருமை ஓடைக்கு எறங்கும்" என்றார். தோட்டத்தின் பழைய ஜீப் வந்தது. ஒல்லி டயர், ஏசி கிடையாது, கதவு ஒரு பக்கம் கயிறு போட்டுக் கட்டியது. அதே வளைவை, அதே பாறையை ஒட்டி எந்தச் சலனமும் இல்லாமல் ஏறி வந்து வீட்டாரை அழைத்துப் போனது. நான் வண்டிக்குக் காவலாக உள்ளேயே படுத்தேன். மறுநாள் சக்கரத்தைக் கழற்றி ஜீப்பில் போட்டுச் சேலம் இறங்கினால் அந்த அளவு டயர் ஊரிலேயே இல்லை. 160 கிலோமீட்டர் தாண்டிக் கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டியிருந்தது. மூன்றாம் நாள்தான் வண்டி கீழே வந்தது.

முதலாளி சொந்தக்காரர்களிடம் என்ன சொன்னார் தெரியுமா? "டிரைவருக்கு இந்த மாதிரி வண்டி பழக்கமில்ல." எனக்கு முன்னாலேயே சொன்னார். இந்தக் கேள்வியைப் பார்த்ததும் உட்கார்ந்து பதில் எழுதத் தொடங்கியதற்கு அது ஒரு காரணம், மறைக்கவில்லை.

இப்போது உங்கள் விஷயம். முதலில் டயரைப் பாருங்கள், திரையை அப்புறம் பார்க்கலாம். டயரின் பக்கத்தில் 235/60 R18 என்று இருந்தால், 235 மில்லிமீட்டர் அகலத்தில் 60 சதவீதம் பக்கச் சுவரின் உயரம், அதாவது 141 மில்லிமீட்டர். 255/45 R20 என்றால் 115 மில்லிமீட்டர்தான். மொத்தச் சக்கர உயரம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றே. வித்தியாசம், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கிற ரப்பர் இரண்டரை சென்டிமீட்டர் குறைகிறது. உயர்ந்த மாடலுக்குக் கூடுதலாக லட்சக்கணக்கில் கொடுத்து நீங்கள் வாங்குவது பல நேரம் இந்தக் குறைந்த ரப்பரைத்தான். ஷோரூமில் பளபளவென்று இருக்கும், ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்தது தரையிலிருந்து உயரம். ஜிஎஸ்டி கணக்கில் நாலு மீட்டருக்கு மேல் நீளம், 1,500 சிசிக்கு மேல் இன்ஜின், 170 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் இருந்தால் எஸ்யூவி என்ற பெயர் கிடைத்துவிடும். அது வரி போடுவதற்கான கணக்கு, மலை ஏறுவதற்கானது அல்ல. தோட்டப் பாதைக்கு 200க்குக் கீழே நான் சொல்லமாட்டேன். லேண்ட் ரோவர் டிஸ்கவரி ஸ்போர்ட்டுக்கு 212 மில்லிமீட்டர் என்று கம்பெனி சொல்கிறது, தண்ணீரில் 600 மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கலாம். ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பையில் நிற்கிற ஏர் சஸ்பென்ஷன் உள்ள, அதே கம்பெனியின் டிஃபெண்டர் 110 முழுக்கத் தூக்கி நின்றால் 291, தண்ணீரில் 900. ஆனால் அந்த உயரத்தில் மெதுவாகத்தான் போகமுடியும், வேகம் எடுத்தால் வண்டி தானாக இறங்கிக்கொள்ளும். சாதாரண ஸ்பிரிங் வண்டியில் ஐந்து பேரும் உர மூட்டையும் ஏறினால் காகிதத்தில் இருந்த உயரம் அங்கேயே குறைந்துவிடும்.

இதை நான் எப்படிப் பார்ப்பேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். போன வருடம் அஸ்தம்பட்டியில் ஒரு டாக்டரம்மா வண்டி பார்க்க என்னையும் கூப்பிட்டார். (வாங்குவதற்கு முன்னால் டிரைவரைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.) எட்டு அங்குல ஹாலோ பிளாக் ஒன்றை எக்ஸ்எல்லின் முன்னால் வைத்துக்கொண்டு ஷோரூமுக்குப் போனேன். 203 மில்லிமீட்டர். நிறுத்தியிருந்த வண்டிக்கு அடியில், நாலு பக்கத்திலிருந்தும் தள்ளிப் பார்த்தேன். விற்பனைத் தம்பி, "அண்ணே, என்னண்ணே இது, பெயிண்ட்டுண்ணே" என்று ஓடி வந்தார். நடுவில் தாராளமாகப் போனது. முன்பம்பரின் கீழ் உதட்டில் முட்டி நின்றது. கம்பெனி கொடுக்கும் எண் நடு அடிவயிற்றுக்குப் பொருந்தலாம், வாய்க்கால் ஏறி இறங்கும்போது முதலில் இடிப்பது மூக்கு. டாக்டரம்மா மண்டியிட்டு அவரே குனிந்து பார்த்துவிட்டு, "இது வேண்டாம்" என்றார்.

ஃபோர் வீல் டிரைவ் பற்றி. எல்லாச் சக்கரத்துக்கும் இழுவை போகிறது என்றால் மட்டும் அது ஜீப் ஆகிவிடாது. வாய்க்காலைச் சாய்வாகக் கடக்கும்போது குறுக்கு மூலைகளில் இருக்கிற இரண்டு சக்கரம் ஒரே நேரத்தில் அந்தரத்தில் தொங்கும். அப்போது சும்மா சுற்றுகிற சக்கரத்தை வண்டி தானாகப் பிரேக் பிடித்து, மற்றதற்கு இழுவையை அனுப்பவேண்டும். நல்ல வண்டிகள் இரண்டு நொடியில் செய்யும், நீங்கள் ஆக்சிலேட்டரை விடாமல் லேசாகப் பிடித்திருந்தால். பயந்து காலை எடுத்தால் நின்றுவிடும். ஃபோர் லோ என்கிற, மெதுவாக ஆனால் அதிக இழுவையோடு ஏற உதவும் தாழ்ந்த கியர் டிஃபெண்டரிலும் ஃபார்ச்சூனர் ஃபோர் பை ஃபோரிலும் உண்டு, டிஸ்கவரி ஸ்போர்ட்டில் கிடையாது. ஜீப் கிராண்ட் செரோக்கியில் ஃபோர் வீல் டிரைவ் அமைப்பின் பெயர் குவாட்ரா டிராக் ஒன்று என்றால் இல்லை, இரண்டு என்றால் உண்டு. ஃபோர் பை ஃபோர் கிளப் நண்பர்கள் சண்டைக்கு வரவேண்டாம்: ஏழு ஏக்கர் தோட்டத்துக்கு வாரம் ஒரு தடவை போக ஃபோர் லோ கட்டாயம் என்று நான் சொல்லமாட்டேன். பாதையில் இரண்டு லோடு ஜல்லி கொட்டினால் பாதிப் பிரச்சினை முடியும். பாதை செங்குத்து, மழையில் வழுக்கும் களிமண் என்றால் அப்போது வேறு பேச்சு.

இறக்கத்தை யாரும் கேட்பதில்லை. ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்குக் கிட்டத்தட்ட 1,200 மீட்டர் இறங்குகிறோம். இரண்டு டன் எடையுள்ள ஆட்டோமேட்டிக் வண்டியை 'டி' கியரிலேயே விட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதியிலேயே கருகல் வாடை வரும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கிற, கியர் மாற்றும் பேடிலில் கியரை இரண்டிலோ மூன்றிலோ பிடித்து இன்ஜினே இழுத்து நிறுத்துகிறதா என்று டெஸ்ட் டிரைவில் பாருங்கள். சில வண்டிகள் நம்மைக் கேட்காமலே கியரை மேலே தூக்கிவிடும். ஏற்காட்டுக்கு இன்னொரு பாதையான குப்பனூர் வழியாக ஒருமுறை போய்வந்தால் வண்டியின் அகலமும் புரிந்துவிடும். அங்கே எதிரே பஸ் வந்தால் கண்ணாடியை மடக்கவேண்டி வரும். ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிறவர் வழி விடவேண்டும் என்பது விதி. கார் எத்தனை லட்சமானாலும்.

டீசலா பெட்ரோலா என்றால், வாரம் முழுக்க சேலம் ஊருக்குள், ஐந்து ரோட்டுக்கும் ஜங்ஷனுக்கும் நடுவிலேயே ஓட்டுவீர்கள் என்றால் டீசல் யோசிக்கவும். புகை வடிகட்டியில் கரி சேரும், அதை எரித்துத் தள்ளக் கொஞ்ச தூரம் நெடுஞ்சாலையில் ஓடவேண்டும். ஓடாவிட்டால் விளக்கு எரியும், பில் வரும். வரியையும் மறக்கவேண்டாம், இருபது லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிக்குத் தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி 20 சதவீதம். ஷோரூம் விலையை வைத்து எழுபது என்று கணக்குப் போட்டிருந்தால் மறுபடி போடுங்கள்.

இன்னொன்று, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இந்த வண்டிகளில் சீட்டுக்கு மசாஜ் உண்டு, காற்றோட்டம் உண்டு. அதே வண்டியை ஓட்டி வருகிறவனுக்கு ஏற்காட்டில் ராத்திரி படுக்க இடம் கிடையாது. விடுதிகளில் டிரைவர்களுக்குப் படுக்கையும் கழிப்பறையும் இருக்கவேண்டும் என்று 2023இல் அரசு கட்டட விதியில் சேர்த்தது. கோடை விழாச் சமயம் வந்து பாருங்கள், எத்தனை பேர் ஸ்டீயரிங்கில் காலைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள் என்று. ஒரு விடுதியில் நாய்க்குத் தனியாகப் பாய் விரித்திருந்தார்கள். எனக்கு நாய் மேல் கோபமில்லை. காலையில் முகம் கழுவ எங்கே போவது என்று கேட்டதற்கு, செக்யூரிட்டி செடிக்குத் தண்ணீர் விடும் பைப்பைக் காட்டினார். மசாஜ் சீட் இருந்தால் தூக்கம் நன்றாகத்தான் வருகிறது, அதையும் சொல்லிவிடவேண்டும்.

எந்த வண்டி என்று பெயர் சொல்லாமல் நழுவுகிறேன் என்பீர்கள். உங்கள் பாதையைப் பார்க்காமல் சொன்னால் அது வியாபாரப் பேச்சு. மழை விட்ட மறுநாள் கேட்டிலிருந்து வீடு வரை நடந்து பாருங்கள், ஒரு டேப்போடு. எங்கே கல், எங்கே வாய்க்கால், எங்கே அகலம் குறைகிறது என்று குறித்துக்கொண்டு ஷோரூமுக்குப் போங்கள். டெஸ்ட் டிரைவ் வண்டியைத் தோட்டம் வரை விடமாட்டேன் என்பார்கள். அடிவாரம் வரையாவது விடச் சொல்லி அடம்பிடியுங்கள்.

எங்கள் முதலாளி அந்த வண்டியை விற்கவில்லை. அதே மாடலில் விலை குறைந்த ரகத்துக்குக் கம்பெனியே போடுகிற 18 அங்குல ரிம், பக்கச் சுவர் 60 சதவீதமுள்ள டயர் வாங்கி மாட்டினார். பிரேக்கில் உரசவில்லை, அளவு கம்பெனி அளவுதான். கூட ஒரு முழு ஸ்டெப்னி, டிக்கியில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கிறது, அம்மாவின் பை மடியில்தான் வருகிறது. அந்தப் பாறை இன்னமும் அங்கேயேதான் இருக்கிறது, தோண்டிப் பார்த்தார்கள், அடியில் மலையோடு ஒட்டியிருக்கிறதாம். காவல்காரர் அதற்குச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறார். கேட் வந்ததும் முதலாளி போனைப் பைக்குள் போட்டுவிட்டு, "நீ எறங்கிப் பார்த்துட்டு வந்துரு" என்கிறார்.