டிகாஷன் நிறத்தில் சிறுநீர்

கேள்வி: காட்பாடியில் இருக்கிறேன். வயது 43. வீட்டு அறையில் சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் ட்ரெய்னரில் மாட்டி, திரையில் பாதை காட்டும் ஸ்விஃப்ட் ஆப்பில் ஓட்டுவேன். நான்கு மாத இடைவெளிக்குப் பிறகு சென்ற வாரம் அதிலுள்ள 21 வளைவு மலையில் ஏறினேன். ஒரே அளவு சக்தியில், அதே வாட்ஸில்தான் மிதித்தேன், ஆனால் இதயத்துடிப்பு 150-லிருந்து 178-க்குப் போய்விட்டது. மாரடைப்பின் முன்னறிவிப்பு என்று யூடியூபில் சொல்கிறார்கள். உட்காரும் இடமும் மரத்துப் போகிறது. கால்வலி வராமலிருக்க ஓட்டும் முன்பே டைக்ளோஃபினாக் போட்டுக்கொள்வேன். மறுநாள் சிறுநீர் டிகாஷன் மாதிரி போனது, சூடு என்று விட்டுவிட்டேன்.

பதில்: கடைசி வரியைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். உடம்புச் சூட்டில் சிறுநீர் அடர் மஞ்சளாகும், எரியும், தண்ணீர் குடித்தால் சில மணி நேரத்தில் வெளுத்துவிடும். பழுப்பாகப் போவது வேறு விஷயம். பழக்கம் விட்டுப்போன தசையை ஒரேயடியாக வதைத்தால் அது சிதைந்து, உள்ளேயிருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலக்கும். அது சிறுநீரகத்தைப் பழுதாக்கக்கூடியது. நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்துக்கான ரத்த ஓட்டத்தை உடம்பே ஒருவிதமாகக் காப்பாற்றிக்கொள்ளும், டைக்ளோஃபினாக் அந்த ஏற்பாட்டையும் தடுத்துவிடும். வலியே வராதபோது வலி மாத்திரை போடச் சொன்னது யார்?

சிதைந்த தசையிலிருந்து பொட்டாசியமும் வெளியே வரும். அது மிஞ்சினால் இதயத்தின் தாளமே குலையும். இதயத்தை நினைத்துப் பயந்தீர்களே, அந்தப் பயத்தை இங்கே வையுங்கள்.

இதைப் படித்த அன்றே அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ சிஎம்சியோ, எது வசதியோ அங்கே போங்கள். சிபிகே (தசைச் சிதைவைக் காட்டும்), கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும்), பொட்டாசியம், சிறுநீர் நான்கையும் பார்க்க வேண்டும். நிறம் இப்போது சரியாகியிருந்தாலும் போங்கள். டைக்ளோஃபினாக் சாப்பிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். கொலஸ்ட்ராலுக்கு ஸ்டாட்டின் எடுப்பவரானால் அதையும் சொல்லுங்கள். சூடு தணிய இளநீர் குடிக்கலாமே என்று வீட்டில் சொல்வார்கள். அதில் பொட்டாசியம் அதிகம், ரிசல்ட் வரும்வரை வேண்டாம். மறுபடி அந்த நிறம் வந்தாலோ, தொடை வீங்கி இறுகினாலோ, சிறுநீர் குறைந்தாலோ ராத்திரி இரண்டு மணியானாலும் அவசரப் பிரிவுக்குக் கிளம்புங்கள்.

சரி, 178-க்கு வருவோம். இதயத்துடிப்பின் உச்ச அளவுக்கு 220-இல் வயதைக் கழிப்பது ஒரு சராசரிக் கணக்கு, பத்துப் பன்னிரண்டு கூடக் குறைய இருப்பது சகஜம். பெடலில் 200 வாட்ஸ் கொடுக்கும்போது, அதைப்போல மூன்று மடங்குக்குக் குறையாமல் உடம்பில் வெப்பமாகிறது. ஏலகிரியின் 14 வளைவுகளை நிஜமாகவே மிதித்து ஏறினாலும் கொஞ்சம் காற்று மேலே படும். வேலூர் வெயிலில் கதவு சாத்திய அறையில் அந்த வெப்பம் எங்கே போகும்? ரத்தம் தோல் பக்கம் திரும்புகிறது, வியர்வையில் அதன் அளவும் குறைகிறது, அதனால் இதயம் துடிப்பைக் கூட்டிச் சமாளிக்கிறது. அது அதன் வேலை. ஓட்டும்போது நெஞ்சு இறுகினாலோ கண் இருட்டினாலோ அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். இரண்டும் உங்களுக்கு இல்லை, அந்த வீடியோக்களை விடுங்கள்.

மரத்துப் போவதற்கு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடல்மேல் எழுந்து நில்லுங்கள், சீட்டின் முனையைச் சற்றுத் தாழ்த்துங்கள். ட்ரெய்னரில் ஆடாமல் அசையாமல் உட்காருவதால் வருவது. இறங்கிய பிறகும் நீடித்தால் மட்டும் காட்டுங்கள்.

டாக்டர் சரி என்ற பிறகு விடியற்காலையில், ஜன்னலைத் திறந்து, பெரிய ஃபேனை நேர் எதிரே வைத்து, சமதளப் பாதையில் அரை மணி நேரத்திலிருந்து தொடங்குங்கள். ஓட்டும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது, உப்புப் போட்ட நீர்மோராகக் கொஞ்சம் கொஞ்சமாக ஈடுகட்டுங்கள். 21 வளைவு மலைக்கு இப்போதைக்குப் போக வேண்டாம்.