நூலகர் தயங்கினால் வாசகர் வட்டம் வழியாகப் போங்கள்

கேள்வி: பெரம்பூரில் எங்கள் தெருவைச் சுற்றி ஒரு கோயில், ஒரு பள்ளிவாசல், ஒரு சர்ச் இருக்கின்றன. மூன்றிலும் சேவை செய்யும் இளைஞர்கள் சேர்ந்து, அரசுக் கிளை நூலகத்தில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கவும், முதியவர்களுக்கு உதவவும் விரும்புகிறோம். நூலகர் தயங்குகிறார். என்ன செய்யலாம்?

பதில்: அவர் தயங்குவதில் நியாயம் இருக்கிறது. 1948-ல் வந்த நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியோடு நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. எல்லா மதத்தவரும் கட்டும் பணத்தில் நடக்கும் இடத்தை ஒரு மதக் குழுவுக்குக் கொடுத்தார் என்ற பேச்சு வந்தால், பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

அதனால் கோயில், ஜமாஅத், சர்ச் பெயரில் போகாதீர்கள். நூலகத்தின் வாசகர் வட்டத்தில் தனித்தனியாக உறுப்பினராகுங்கள். வட்டம் இல்லையென்றால், தொடங்கலாமா என்று நூலகரிடமே கேளுங்கள். அப்புறம் வட்டத்தின் பெயரில், நூலகர் வழியாக, மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். எந்த நாள், எந்த நேரம், யார் பொறுப்பு என்று அதில் இருக்கட்டும். பணம் வாங்க மாட்டோம், பிரார்த்தனை, பேனர், துண்டுப் பிரசுரம் எதுவும் இருக்காது என்பதையும் எழுதிவிடுங்கள்.

டியூஷனில் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. அதற்குத் தினமும் அதே ஆள் வர வேண்டும். மாலையில் பேப்பர் படிக்க வருகிற பெரியவர்களுக்கும் இரைச்சல் தொந்தரவு. விண்ணப்பம் நிரப்பித் தரும் மேஜை ஒன்று போடுங்கள். முதியோர் உதவித்தொகைக்கு வரும் பாட்டிக்கு முதலில் கேள்விகளைப் படித்துக் காட்டி, அவர் சொல்வதை எழுதி, எழுதியதைத் திரும்பவும் வாசித்துச் சொல்லுங்கள். விண்ணப்ப எண்ணைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஆதார் நகலையோ போனில் வரும் ஓடிபியையோ நீங்கள் வைத்துக்கொள்ளவே கூடாது. வருகைப் பதிவேட்டில் மதம், சாதி கேட்கும் கட்டமும் வேண்டாம். உதவி கேட்டு வருகிறவர் அங்கே ஒரு வாசகர், அவ்வளவுதான்.

பிள்ளைகளுக்கு ஞாயிறு காலை ஒரு மணி நேரம் கதை வாசிப்பு போதும். பெற்றோர் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். எப்போதும் பெரியவர்கள் இருவர் உடன் இருக்க வேண்டும்.

வழிபாட்டு இடங்களின் பலம் அங்கே கூடும் மக்கள்தான். 2015 வெள்ளத்தில் சென்னையில் இவை எத்தனை பேருக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்தன! நூலகத்துக்கு வராத குடும்பங்களையும் இவற்றால் அழைத்துவர முடியும். கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஆகவே ஜும்மா முடிந்ததும் உறுப்பினர் படிவத்தைக் கொடுத்து நிரப்பி வாங்கி, அடுத்த வேலை நாளில் நூலகத்தில் சேர்த்துவிடுங்கள். அன்னதான வரிசையிலும், ஞாயிறு ஆராதனை முடிந்த பிறகும் இதையே செய்யலாம்.

சரி, கடிதத்தில் மூன்று தரப்பிலிருந்தும் ஒருவர் கையெழுத்திடட்டும். நகலில் தேதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நூலகர் மாறினால், அடுத்து வருபவரிடம் காட்ட அது வேண்டும்.